வழியில் விடப்பட்ட ஊர்

செத்தவளை ஏமாற்றவும் ஒரு துணிச்சல் வேண்டும். ஸூங் வீட்டு ஆண்களுக்கு அது தாராளமாக இருந்தது.

ஸூங் வீட்டு மருமகள் லீயா போய் அன்று மூன்றாம் நாள். குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே கிடந்தவள், மக்காச்சோளம் விதைக்கும் நேரத்தில் அடங்கிவிட்டாள். அவளே நூற்று, அவளே நெய்து, அவளே அவுரிச் சாயம் போட்டு வைத்திருந்த சணல் பாவாடையை உடுத்தி, நடுச்சுவரை ஒட்டிக் கட்டிய மூங்கில் படுக்கையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவள் மகள் ஸாய் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கால்மாட்டில் வழிச்சொல்லி பாவோ ஒரு சேவலை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இவ எங்கெங்க விறகு எரிச்சா, எங்கெங்க தண்ணி குடிச்சா, சொல்லுங்கப்பா."

மொங் சனங்களில் செத்தவர் நேரே மேலே ஏறிப் போய்விட முடியாது. வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். கடைசியாக இருந்த வீட்டில் தொடங்கி, அதற்கு முன் இருந்த ஊர், அதற்கும் முன் இருந்த ஊர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய், பிறந்த வீட்டை அடைய வேண்டும். அங்கே அம்மாவின் கட்டிலுக்கு அடியில் நஞ்சுக்கொடியைப் புதைத்திருப்பார்கள். அதுதான் பெண்ணுக்கு முதல் சட்டை. அதை எடுத்து மாட்டிக்கொண்டு போனால்தான் முன்னோர்களுக்கு அடையாளம் தெரியும். நடுவில் ஒவ்வொரு ஊரிலும் நின்று, அந்த மண்ணையும் தண்ணீரையும் காக்கிறவனிடம், "உன் விறகை எரித்தேன், உன் தண்ணீரைக் குடித்தேன், போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு ஊரைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊரைக் காக்கிறவன் விடமாட்டான். அவள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பாவோவின் கேள்விக்குப் பதில் சொன்னவன் செத்தவளுடைய புருஷனின் அண்ணன் லூ. ஊர்த்தலைவன். அவன் இருக்கும் இடத்தில் லீயாவின் புருஷன் ஸிங் வாயைத் திறக்க மாட்டான்.

"இந்த வீடு. அதுக்கு முன்னால தா வா ஊர்ல அவ அப்பன் வீடு. அதுக்கு முன்னால பள்ளத்தாக்குல நாம் தாங். அதுக்கு முன்னால குண்டு விழுந்த வருஷங்கள்ல குகை. பொறந்தது மேட்டுல, மாவ் ஸுவா. அவ்வளவுதான் மாமா."

வாசலில் மற்றப் பெண்களோடு மக்காச்சோள மாவைச் சலித்துக்கொண்டிருந்த தூவாவின் கை நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கும் தா வாவுக்கும் நடுவில் ஏழு வருஷம் இருந்தது. அதை அப்படியே வாயில் போட்டு விழுங்கிவிட்டான் லூ.

"எல்லாம் சொல்லியாச்சா?" என்றார் பாவோ. "இன்னும் ரெண்டு தரம் கேப்பேன். மத்தியானம் ஒரு தரம், வழி சொல்ல ஆரம்பிக்கறப்ப ஒரு தரம். விட்டது இருந்தா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. சொந்தக்காரங்க சொல்லாத ஊர வேற யாரும் சொல்லணும்னா, அங்க அவகூட விறகு எரிச்சவங்களா இருக்கணும். காதுல கேட்டேன் கீதுல கேட்டேன்னு வந்தா நான் எடுத்துக்க மாட்டேன்."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்றான் லூ.

தூவா சலித்த மாவையே மறுபடி சல்லடையில் போட்டாள்.

விடப்பட்ட அந்த ஊரின் பெயர் ஷுய்வான். எல்லைக்கு அந்தப் பக்கம், மலை இறங்கி, பஸ் ஏறி, லாரி மாறி, ராத்திரியும் பகலுமாகப் போக வேண்டிய ஊர். தா வா சந்தைக்குச் சணல்துணி விற்கப் போன லீயாவை, அந்தப் பக்கம் நல்ல விலை கிடைக்கும் என்று கூட்டிப்போனவன் துணியை விற்கவில்லை, அவளை விற்றான். அவனும் மொங்தான். அவள் பேசிய அதே பேச்சைத்தான் பேசினான். எல்லை திறந்து வியாபாரம் தொடங்கிய புதிதில் எங்கள் பீடபூமியில் எத்தனையோ வீட்டில் இப்படி ஒரு பெண் காணாமல் போனாள். காணாமல் போன எருமையைத் தேடி நான்கு மலை ஏறி இறங்கியவர்கள், பெண்ணைத் தேடி ஒரு மலைகூட ஏறவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுச் சாராயம் குடித்தார்கள்.

இதெல்லாம் ஸூங் வீட்டுக்குத் தெரியும். தப்பி வந்த லீயா கல்யாணத்துக்கு முன்னாலேயே ஸிங்கிடம் சொல்லிவிட்டாள். இரண்டாம் கை என்று சொல்லிப் பெண்வீட்டுக்குத் தரவேண்டிய பன்றியையும் சாராயத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். அப்போது இனித்த ஊர், இப்போது செத்தவளுக்குச் சொல்லக் கசந்தது.

தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. லீயாவோடு ஷுய்வானில் விறகு எரித்தவள் இதே ஊரில், இதே வாசலில், மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

தூவா வேறு ஊர்க்காரி, வேறு சந்தையில் ஏமாந்தவள். லீயாவை அவள் முதலில் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். ஷுய்வானில் அவளை வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது, நடுவில் ஒரு சுவர். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டே மொங் பேச்சில் திட்டுவது கேட்டது. "இந்தத் தண்ணிய வாயில வெச்சா சுண்ணாம்பு, துணியில வெச்சா சுண்ணாம்பு, நாசமாப் போக" என்று. தன் பேச்சைக் கேட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது. தூவா வாளியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் முகத்தை வைத்து அழுதாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அழுறதா இருந்தா மெதுவா அழு, என் மாமியாருக்குப் பாம்புக் காது" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அந்தச் சுவர்தான் இருவருக்கும் ஊர், உறவு எல்லாம். தூவாவுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. அதற்காக அவளை அடித்தார்கள். லீயாவுக்குப் பெண் பிறந்தது. ஆண் இல்லையே என்று அவளையும் அடித்தார்கள். அடி வாங்கின இடத்தில் போட ஒருத்தி பச்சிலை அரைத்தால் இன்னொருத்திக்கும் சேர்த்து அரைப்பாள். அந்த ஊர்க்காரர்களுடைய புத்தாண்டு ராத்திரியில், ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது இருவரும் ஓடினார்கள். குழந்தைக்கு நான்கு வயது. பாட்டிக்காரி அதைத் தன் இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டு தூங்குகிறவள். அவிழ்த்தால் விழித்துக்கொள்வாள். லீயா அந்த அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். மலையில் ஏறும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லையைத் தாண்டிய பிறகு தூவா ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தாள். சமவெளியில் ஒரு அத்தையோடு கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை பார்த்ததாக வீட்டில் சொன்னாள். நம்பினார்களோ இல்லையோ, கேள்வி கேட்கவில்லை. இந்த லுங் ஸேவ் ஊருக்கு மருமகளாக வந்த லீயாதான், பெண்டாட்டி செத்துப்போன ஞே என்பவனுக்கு அவளைப் பேசி முடித்தாள். ஞே அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். பாறைக் குழிகளில் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி மக்காச்சோளம் போடுகிறவன். "என் வயலை என் தொப்பியாலேயே மூடிடலாம், அவ்வளவு பெரிய பண்ணையாரு நான்" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னான். தூவா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கரும்புத் தோட்டம் நிலைத்துப்போனது. அதன் பிறகு பதினெட்டு வருஷம். அவள் ரகசியத்தை லீயா ஒருநாளும் வெளியே விடவில்லை. கோபத்தில்கூட இல்லை, இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த ஒரு மழைக்காலத்தில்கூட இல்லை.

இப்போது லீயாவுக்குப் பேச வாய் இல்லை.

தூவா சல்லடையை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் பன்றி அறுப்பதை மேற்பார்வை செய்துகொண்டிருந்த லூவிடம் போனாள்.

"அண்ணே, ஒரு ஊரு விட்டுப்போச்சு."

லூ திரும்பாமலே, "எந்த ஊரு?" என்றான்.

"உங்களுக்கே தெரியும் எந்த ஊருன்னு."

அவன் கத்தியைக் கழுவச் சொல்லி ஒருவனை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, ஞே பொண்டாட்டி. மாவு சலிக்க வந்தியா, வழி சொல்ல வந்தியா?"

"அவ அங்கேயே நின்னுடுவாண்ணே. அந்த மொதச் சட்டை கெடைக்காது அவளுக்கு."

"அந்த ஏழு வருஷத்த அப்பன் வீட்டுக் கணக்குல சேத்தாச்சு. முடிஞ்சுது. நாளைக்கு மாவட்டத்துல இருந்து பெரிய ஆளுங்க துக்கம் கேக்க வர்றாங்க. எம் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். இந்த வீட்டு மருமவ எங்க கெடந்தான்னு பாவோ மாமா ஊருக்கே பாடிக் காட்டணுமா?"

"அவ போய்க் கெடக்கலையே. வித்தாங்க."

"எல்லாம் ஒண்ணுதான்." அப்புறம் திடீரென்று அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?"

தூவா, "லீயா சொன்னா" என்றாள்.

"சொன்னவ செத்துட்டா. காதுல கேட்டதெல்லாம் செல்லாதுன்னு மாமா சொன்னது கேட்டுச்சில்ல? போ, போய் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு அவன் பன்றிப் பக்கம் போய்விட்டான். எதிரே ஊர்க் கூட்ட மண்டபத்தின் சுவர். போன வருஷம் லூ ஆள் வைத்து அதில் மாகாணத்தின் வரைபடத்தை எழுதியிருந்தான். மலைகளுக்குச் சாம்பல் நிறம், ஆற்றுக்கு நீலம், எல்லைக்குத் தடித்த சிவப்பு. பக்கத்திலேயே மாகாணத்தின் வரலாறு, கட்டம் கட்டி. எந்த ராஜா காலத்தில் யார் வந்தார்கள், வெள்ளைக்காரன் எங்கே கோட்டை கட்டினான், எந்தக் கணவாயில் சண்டை நடந்தது, எந்த மலையில் எத்தனை வருஷம் குண்டு விழுந்தது என்று எல்லாம் இருந்தது. வெளியூர்ப் பையன்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி எத்தனை பெண்களை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதற்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. இதென்ன வரலாறு, யாருடைய வரலாறு? வென்றவன், தோற்றவன், கோட்டை கட்டினவன் எல்லாம் ஆண்பிள்ளைகள். விற்றவனும் ஆண்பிள்ளைதான், ஆனால் அவன் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

தூவா விறகுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே லீயாவின் புருஷன் ஸிங், சாராயக் குடுவையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அழுததா குடித்ததா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான்.

"தம்பி, நீயாவது சொல்லு. உன் பொண்டாட்டி. நீ சொன்னா பாவோ மாமா மறுக்க முடியாது."

"அண்ணன் சொன்னதுதான்" என்றான்.

"அண்ணனா அவகூடக் குடும்பம் நடத்துனது? உனக்குத் தெரியும்ல அவ எங்க இருந்தான்னு?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா? ஊர் பேரு?"

ஸிங் குடுவையைப் பார்த்தான். "தெரியாது."

"பதினெட்டு வருஷத்துல ஒருநாள் கேக்கலையா நீ?"

"எதுக்குக் கேக்கணும்? அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டேன். அவளும் எடுக்கல."

தூவா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் தன் பக்கத்தில் படுத்து, தனக்குப் பிள்ளை பெற்று, தன் துணியை நெய்து, தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எந்த ஊரை நினைத்து அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இவன் திரும்பிப் படுத்திருக்கிறான். லீயா இருமிச் சாகவில்லை, இவன் பக்கத்தில் வாயை மூடி மூடியே செத்தாள் என்று தோன்றியது அவளுக்கு. அந்தக் குடுவையைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போல வந்தது. கவிழ்க்கவில்லை. கவிழ்த்திருக்கலாம்.

ஆக இந்த ஊரில் அந்தப் பெயர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொன்னால் லீயா வீடு போய்ச் சேருவாள். தூவாவின் வீடு என்னவாகுமோ தெரியாது. ஞேவுக்கு ஊரில் இருந்த மரியாதையை அவள் அறிவாள். பாறையிலே பயிர் பண்ணினாலும் யாரிடமும் தலை குனியாதவன். அவனைக் கரும்புத் தோட்டம் என்று சொல்லி ஏமாற்றியவள் என்று நாளைக்குச் சந்தை முழுக்கப் பேசும். அவளுடைய இரண்டு பையன்களுக்கும் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகும். மத்தியானம் பாவோ இரண்டாம் தரம் கேட்டார். லூ "அவ்வளவுதான்" என்றான். தூவா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டு குனிந்திருந்தாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் சாய்ந்ததும் வழி சொல்ல உட்கார்ந்தார்கள். ஆண்கள் சுவரோரமாக, பெண்கள் அடுப்படிப் பக்கமாக. ஞே வாசல் தூணில் சாய்ந்து ஒரு கிண்ணம் சாராயத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பாவோ லீயாவின் கையருகே சேவலை வைத்து, "இது முன்னால நடக்கும், இதுக்குப் பின்னால போ தாயி" என்று தொடங்கி, மூன்றாம் தரமும் கேட்டார்.

"அவ்வளவுதான் மாமா" என்றான் லூ.

பாவோ கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல, இழுத்து, பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரு குரலில் சொல்லலானார். எழுந்திரு லீயா. பாவாடையைச் சரிசெய்துகொள். இது லுங் ஸேவ், உன் புருஷன் வீடு. இந்த நடுத்தூணுக்குச் சொல்லு, இந்த அடுப்புக்குச் சொல்லு. இதன் விறகை எரித்தாய், இதன் தண்ணீரைக் குடித்தாய். வாசலைத் தாண்டு. கல்வேலியைத் தாண்டு. சேவல் நடக்கிறது, நீயும் நட. இனி உன் அப்பன் ஊர் தா வா—

"இல்ல மாமா."

தூவா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வழி சொல்லும்போது இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமுகிற வீடு அது. எல்லோரும் திரும்பினார்கள். பாவோ கண்ணைத் திறந்தார்.

"தா வா போய்ச் சேர்றதுக்கு முன்னால இன்னொரு ஊரு இருக்கு" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"யார்றா அது, அவள வெளிய கூட்டிட்டுப் போங்க!" லூ எழுந்துவிட்டான். "ஞே! உன் பொண்டாட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு, கூட்டிட்டுப் போ!"

"உக்காரு லூ" என்றார் பாவோ. "வழி நின்னுபோச்சு. நின்ன வழிய நான்தான் பாக்கணும், நீ இல்ல." தூவாவின் பக்கம் திரும்பினார். "கேட்டதச் சொல்றியாம்மா, பாத்ததச் சொல்றியா?"

"பாத்தது."

"அங்க இவகூட விறகு எரிச்சியா?"

தூவா ஞேயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய் அடைத்துப் போயிருக்கும். படுத்திருந்த லீயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எரிச்சேன் மாமா. பக்கத்து வீட்டு அடுப்புல. அவள வித்த ஊர்லதான் என்னையும் வித்தாங்க. நான் எந்தக் கரும்புத் தோட்டத்துக்கும் போகல."

அடுப்படியில் யாரோ ஒருத்தி, "அய்யோ" என்றாள். ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் வாசல் தூணை நோக்கித் திரும்பியது. ஞே கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

"த்தூ" என்றான் லூ. "உன் மானந்தான் போச்சு. எங்க வீட்டு மானத்தையும் சேத்து இழுக்கணுமா? புருஷன் மூஞ்சியப் பாரு, பிள்ளைங்க மூஞ்சியப் பாரு. வெக்கமா இல்ல?"

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் நடுக்கம் நின்றுபோனது.

"வெக்கமா? எனக்கா? கயித்துல கட்டி லாரியில ஏத்துனது நானா? அவள இரண்டாம் கைன்னு சொல்லிப் பாதிப் பன்னிக்கு வாங்குனது நானா? யோவ், நீ கொஞ்சம் வெக்கப்படேன், ஒரு தரம் பட்டுப் பாரு, எப்படி இருக்குதுன்னு. குண்டு விழுந்த ஊரெல்லாம் சுவத்துல எழுதி வெச்சிருக்க. எங்கமேல விழுந்தத மட்டும் அப்பன் வீட்டுக் கணக்குல சேப்பியா? அவ உன் வீட்டுக்கு எவ்வளவு துணி நெய்தா, எவ்வளவு மண்ணு சுமந்தா! செத்த பொறவாவது அவள வீட்டுக்குப் போக விடுய்யா!"

லூ ஓரடி முன்னால் வந்தான். பாவோ கையிலிருந்த மூங்கில் துண்டைத் தரையில் ஓங்கித் தட்டினார்.

"எரிச்சவ சொல்லிட்டா. இனி யாரும் பேசக்கூடாது. இது எனக்கும் செத்தவளுக்கும் நடுவுல உள்ள காரியம்." சேவலைத் திருப்பி முதலிலிருந்த இடத்திலேயே வைத்தார். "அந்த ஊர் பேரு சொல்லும்மா."

"ஷுய்வான்."

பாவோ இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். வேற்று மொழி, அவருடைய கிழ நாக்கு சற்று முரண்டியது. "என்ன தண்ணி அங்க?"

"ஆத்துத் தண்ணி இல்ல மாமா. சிமெண்டுத் தொட்டி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல. சுண்ணாம்பு வாடை."

"என்ன விறகு?"

"விறகு கொஞ்சந்தான். சோளத்தட்டை, அப்புறம் நிலக்கரித் தூள் உருட்டுனது."

"சரி." அவர் கொஞ்சம் தயங்கினார். வழக்கப்படி கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். "அங்க அவ யார்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பணும்?"

தூவா தலைமாட்டில் இருந்த ஸாயைப் பார்த்தாள். அந்தப் பெண் ஈ ஓட்டும் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாமல் வந்துதானே லீயா வாழ்நாள் முழுக்கத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பொண்ணு இருக்கு மாமா. அவங்க வெச்ச பேரு வேற. லீயா பாங்னு கூப்பிடுவா. விட்டுட்டு வர்றப்ப அதுக்கு நாலு வயசு. தூங்கிட்டிருந்தது. லீயா அதுகிட்டச் சொல்லிக்கல."

விறகுக் கொட்டகையிலிருந்து எப்போது வந்தானோ, ஸிங் வாசல்படியில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பெண்டாட்டி எந்த ஊரில் இருந்தாள் என்று கேட்காதவனுக்கு, அவள் யாரை விட்டு வந்தாள் என்று ஊரோடு சேர்ந்து அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு அக்கா இருக்கா?" என்றாள் ஸாய்.

"இருக்கா கண்ணு. நல்ல வளத்தி இருக்கும் இப்ப. உங்கம்மா சாடைதான்."

ஸாய் அம்மாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு லூவைப் பார்த்து, "பெரியப்பா, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவன் தன் வீட்டு ஆட்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். யாரும் அவனைத் தடுக்கவில்லை, யாரும் பின்னால் போகவும் இல்லை.

பாவோ மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எழுந்திரு லீயா. பாவாடையைச் சரிசெய்துகொள். நடுத்தூண், அடுப்பு, கல்வேலி. பிறகு அவர் குரல் மலை ஏறியது. எல்லைக் கல்லைத் தாண்டு, காவல்காரன் உன்னைப் பார்க்க மாட்டான். இது ஷுய்வான். இதன் சோளத்தட்டையை எரித்தாய். இதன் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்தாய். இந்த மண்ணைக் காக்கிறவனே, இவள் உன்னைத் தேடி வரவில்லை, கொண்டுவந்து போட்டார்கள். ஆனாலும் குடித்த தண்ணீருக்குச் சொல்கிறாள், வழி விடு. லீயா, உள்ளே போ. பாங் தூங்குகிறாள். எழுப்ப வேண்டாம். தலையைத் தொட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

அப்போதுதான் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். மூன்று நாளாக அழுதது வழக்கத்துக்கு, இது அப்படியல்ல. அடுப்படியில் ஒரு கிழவி தன் மகள் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். அந்த மகளும் ஒரு சந்தைக்குப் போனவள்தான், இன்னும் வரவில்லை. பாவோ நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். தா வா, நாம் தாங், குகை, கடைசியில் மாவ் ஸுவா. அங்கே வீடு இல்லை, கண்ணிவெடிக்குப் பயந்து இன்றும் ஆடு மேய்க்கக்கூட யாரும் ஏறாத மேடு. ஆனால் கட்டில் இருந்த இடத்தை லீயா கண்டுபிடித்தாள், சட்டையைத் தோண்டி எடுத்தாள் என்று பாவோ சொன்னார். தூவா தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள்.

எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்தபோது வாசல் தூணில் ஞே இல்லை. கல்வேலிக்கு அப்பால், பாதையில் நின்றுகொண்டிருந்தான். அவள் அருகே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தான். கூட்ட மண்டபத்து வாசலில் லூவின் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவன், "என்ன ஞே, கரும்பு இனிச்சுதா?" என்று சத்தமாகக் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஞே நின்றான், அவன் பக்கம் திரும்பினான், அந்தச் சிரிப்பு ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் நடந்தான்.

பாறைகளுக்கு நடுவே பாதை குறுகுகிற இடம் வந்ததும் தூவாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது சொல்லு. திட்டறதுன்னா திட்டு. வீட்டுக்கு வராதேன்னா இப்பவே சொல்லிடு, நான் இப்படியே போயிடறேன்."

"எங்க போவ?"

"எங்கயாவது."

"பொய் சொல்லிட்ட" என்றான். "பதினெட்டு வருஷம். எங்கிட்டக்கூட."

"ஆமா, சொன்னேன். நெசத்தச் சொன்னவளுக்கு இந்த ஊரு என்ன பண்ணுச்சுன்னு பாத்தேன், அதனால சொன்னேன். மன்னிப்புக் கேப்பேன்னு நெனைக்காத. கேக்க மாட்டேன்."

ஞே ஒரு பாறையில் உட்கார்ந்தான். காலில் ஒட்டிய மண்ணை ஒரு கல்லால் சுரண்டினான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நீ எனக்கு முன்னால போயிட்டேன்னா" என்றான் கடைசியில், "பாவோ எங்கிட்டத்தான் கேப்பாரு. அந்த ஊரு பேரு என்ன சொன்ன? ஷி... ஷிவா?"

தூவா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஷுய்வான். ஒழுங்காச் சொல்லு."

"ஷிவான்."

"ஷுய்! ஷுய்வான்! இன்னொரு தரம் சொல்லு. நீ தப்பாச் சொன்னா நான் அங்கேயே நிக்கணும். அங்க நான் நின்னது போதும்."